ஊசி புதுசு, மற்றதெல்லாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை உள்ளவள் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். லேபில் காத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, "ஊசி புதுசுதானே?" கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் போகிற இடத்தில் உறையைக் கண்ணெதிரே பிரித்துத்தான் ஊசியை எடுக்கிறார்கள். என் கவலை மற்ற சாமான்களைப் பற்றியது.

போன முறை ரத்தம் எடுத்த பெண் கையுறை போட்டிருந்தார். பார்க்கத் திருப்தியாக இருந்தது. அப்புறம் கவனித்தால், எனக்கு முன்னால் போனவருக்குப் போட்டிருந்ததும் அதே கையுறைதான். அதே கையோடு கதவைத் திறந்தார், கம்ப்யூட்டரில் தட்டினார், பிறகு என் கையைப் பிடித்தார். நரம்பு தட்டுப்படுவதற்காக ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் கையுறையைக் கிழித்துவிட்டிருந்தார். டப்பாவில் ஊறிக்கொண்டிருந்த பஞ்சை எடுத்து ஸ்பிரிட் தடவினார். ஈரம் காய்வதற்குள் அதே விரலால் இன்னொரு தரம் நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குத்தினார். கையில் கட்டிய ரப்பர் பட்டையின் ஓரத்தில் யாருடைய ரத்தமோ பழுப்பாகக் காய்ந்திருந்தது.

சொன்னால், "ரொம்பத்தான் பார்க்கிறீங்க" என்கிறார்கள். ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். காய்ந்த கறை என்று விட்டுவிட முடியாது. காயமில்லாத தோலில் பட்டால் பயமில்லை, குத்திய இடத்தில் பட்டால்தான் வம்பு. முறையாக எடுத்தால் தொற்று வருவது அரிது என்பதும் தெரியும். பயந்துகொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் துணை போக மாட்டேன்.

ரத்தம் எடுப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு புதுக் கையுறை. 70 சதவீத ஆல்கஹாலை 30 விநாடி தடவி, 30 விநாடி காயவிட வேண்டும். துடைத்த இடத்தைத் திரும்பத் தொடக்கூடாது. டப்பாவில் ஊறவைத்த பஞ்சும் கூடாது. பல கை பட்ட அந்த ஈரப் பஞ்சிலேயே கிருமி சேர்ந்துவிடலாம்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. மெதுவாகக் கேட்டதற்கு, "ஒரு டப்பா கிளவுஸை ஒரு வாரம் ஓட்டணும்மா" என்றார். வெறும் வயிற்றோடு அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, ஸ்பிரிட் காயும்வரை அவரைக் காத்திருக்க விடுவது யார்? குத்தி எடுத்த ஊசி கையில் பட்டால் ஆபத்து அவருக்குத்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயா என்றேன். சிரித்தார், பதில் இல்லை.

லேப் நடத்துகிறவர்கள் முதலில் ஊழியர்களுக்கு அந்தத் தடுப்பூசியைப் போடட்டும். கையுறையைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கட்டும். ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு எதிரே, "கையுறையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தால், எங்களைப் போன்றவர்கள் கூச்சமில்லாமல் கேட்போம்; அவர்களும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி