கடல் நிலவரத்துக்கும் நாளிதழில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய விவரங்கள் தங்கள் நாளிதழில் நாள் தவறாமல் வெளியாகின்றன. காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகள் பலர் அந்தச் சிறு கட்டத்தைப் பார்த்த பிறகே மற்றச் செய்திகளுக்குப் போகிறார்கள். தமிழகக் கடற்கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அந்தக் கரையெங்கும் அன்றாடம் கடலில் படகு இறக்கும் குடும்பங்களும் இதே நாளிதழைத்தான் வாங்கிப் படிக்கின்றன. ஆனால் அவர்களுக்கு வேண்டிய காற்று, அலை, ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) பற்றிய நிலவரத்துக்கு இதில் ஒரு கட்டம்கூட இல்லை. கடலோர மாவட்டப் பதிப்புகளிலாவது அதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடல் பற்றிய செய்தியே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனி, ஆடி மாதங்களில், தென்தமிழகக் கடலோரப் பகுதிகள், மன்னார் வளைகுடா மற்றும் அதை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும் என்ற எச்சரிக்கை ஏறத்தாழ அதே சொற்களில் வாரக்கணக்கில் வெளியாகிறது. எச்சரிக்கை சரியானதுதான், அதைப் புறக்கணிக்கச் சொல்பவன் நானல்ல. ஆனால் ராமேசுவரத்திலிருந்து குமரிமுனை வரையுள்ள நீண்ட கடற்பரப்பு முழுமைக்கும் அந்த ஒரே வாக்கியம்தான். எங்கள் பாம்பன் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் ஓங்கி வீசும் நாளில் மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடலில் வள்ளத்தை நங்கூரமிட்டு நிறுத்துவதே பெரும்பாடாக இருக்கும்போது, சில கிலோமீட்டர் வடக்கே, தீவின் மறைவில், பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடலின் கரையோரம் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடை இறங்கிய பிறகு இந்த நிலை தலைகீழாகும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் அப்போது எழும் அலைகள் அதிக உயரமில்லாதவையாக இருந்தாலும், நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வந்து சிறிய படகுகளை மூச்சுவிட விடாமல் அடிக்கும். எந்தக் கடலில், எந்த வேளையில், எந்தத் திசைக் காற்று என்று சொல்லாத எச்சரிக்கை நாளடைவில் காதில் விழாமல் போகிறது என்பதுதான் என் கவலை. வாரம் முழுவதும் ஒரே செய்தியைப் படித்தவர், உண்மையிலேயே காற்று மிகும் நாளன்றும் அதை வழக்கமான செய்தி என்றே எண்ணிக் கிளம்பிவிடுகிறார்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றிய செய்தியும் இப்படித்தான். ‘பாம்பனில் 1-ம் எண் கூண்டு ஏற்றம்’ என்று தலைப்பு வருகிறது. அந்த எண்ணின் பொருள் பெரும்பாலும் வருவதில்லை. 1-ம் எண் என்றால், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடிப் பாதிப்பு இல்லை என்று பொருள். 3-ம் எண் என்றால் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கக்கூடும் என்று பொருள். 11 எண்களும் துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் சொல்லப்படும் செய்திகள். பைபர் படகில் நான்கு பேராகப் போகிறவர்களுக்கு இன்றிரவு காற்று எப்படி இருக்கும் என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறி ரயில் நின்றுவிடும். ரயிலுக்குச் செய்த அந்த ஏற்பாடு மிகச் சரியானது. பாலத்தின் அடியில் கால்வாயைக் கடக்கும் படகோட்டிக்கும் அதே காற்றைப் பற்றிய அதே துல்லியமான தகவல் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இனி ஓதத்துக்கு வருகிறேன். நாளிதழ்கள் நேரடியாக உதவக்கூடிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ராமேசுவரம், மண்டபம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என எங்காவது ஓரிடத்தில் ‘திடீரென உள்வாங்கிய கடல்: பொதுமக்கள் அச்சம்’ என்ற செய்தி ஆண்டுக்குப் பல முறை வெளியாகிறது. 2004 டிசம்பர் 26-ஐ மறக்காத கரையில் இந்தத் தலைப்பு எத்தகைய பீதியைக் கிளப்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய செய்தி வரும் நாட்களில் பெரும்பாலானவை அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய நாட்களாகவே இருப்பதைத் தங்கள் அலுவலகத்தில் உள்ள பழைய இதழ்களைப் புரட்டினாலே காணலாம். அந்நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் கூடுதலாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அவற்றின் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பாம்பன் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும் குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனாலும் வடகடலின் தரை மிகவும் சமதளமானது. இருநூறு அடிக்கு ஓர் அடி சரிவு என்று கணக்கிட்டால், நீர் அரை மீட்டர் இறங்கினாலே நூறு மீட்டர் தூரம் தரை வெளியே தெரியும். தென்காற்று கரையோர நீரை வெளியே தள்ளும் நாட்களில் இன்னும் சற்று அதிகமாகவே தெரியும். படகுகள் தரைதட்டிச் சாய்ந்து நிற்கும். பாசியும் சங்கும் வெளியே கிடக்கும். அதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

அந்த வற்றம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு இருக்கும் என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்ட ஒன்று. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணையை வெளியிடுகிறது. விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் ‘நீர்மட்டம் தாழ்வு’ காரணமாக நிறுத்தப்பட்ட செய்தியை மறுநாள் படிக்கிறோம். முந்தைய நாளே அன்றைய வற்ற நேரத்தைப் படித்திருந்தால் வெளியூரிலிருந்து வருபவர்கள் அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ள முடியும். பஞ்சாங்கக் குறிப்புக்கு இடம் ஒதுக்கி ராகுகாலமும் எமகண்டமும் வெளியிடும் நாளிதழுக்கு, அதன் அருகிலேயே ஏற்ற, வற்ற நேரங்களை வெளியிடுவது பெரிய சுமையாக இருக்காது என்று நம்புகிறேன்.

சுற்றுலா வருபவரின் வசதியைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஆற்று முகத்துவாரங்களிலும், முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த துறைமுக வாயில்களிலும் உயிர்ச்சேதம் நேர்வது பெரும்பாலும் ஓதமும் அலையும் எதிரெதிரே மோதும் வேளையில்தான். வற்றத்தின்போது நீர் வேகமாகக் கடலை நோக்கி ஓடும். வெளியிலிருந்து வரும் அலை அந்த ஓட்டத்தை எதிர்கொண்டதும் நீளம் குறைந்து, உயரம் கூடி, மணல் திட்டின் மேல் செங்குத்தாக எழுந்து உடையும். அதே அலை ஏற்றத்தின்போது அவ்வளவு கொடுமையாக இராது. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுக வாயிலில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவரைச் சீரமைப்பதும் மணலைத் தூர்வாருவதும் அரசின் கடமை. அதற்குப் பதிலாக ஓத நேரம் போதும் என்று நான் சொல்லவரவில்லை. எனினும், அந்த வேலை முடியும் வரை அன்றாடம் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டிய ஒருவர், ஒரு மணி நேரம் காத்திருப்பதா, இப்போதே கடப்பதா என்று முடிவெடுக்க அந்தத் தகவல் அவர் கையில் இருக்க வேண்டும்.

காற்றையே பார்த்துக் கடலைக் கணிப்பவர்களையும் ஏமாற்றுவது கள்ளக்கடல். தெற்கே, நம் கரையிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென்பெருங்கடலில் வீசும் கடும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் பயணம் செய்து, நான்கைந்து நாட்களில் குமரிக் கரையை அடைகின்றன. இங்கே காற்று இராது, மேகம் இராது, வெயில் பளிச்சென்று அடிக்கும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து, பதினெட்டு விநாடிகள் இடைவெளி இருப்பதால், கரையில் நிற்பவருக்குக் கடல் ஓய்ந்துவிட்டதாகவே தோன்றும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த அலைகளைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தது. அறிவியலாளர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். அந்தத் தகவல் கடைசி ஆள் வரை போய்ச் சேரவில்லை. ஆகவே நான் கேட்கும் கட்டத்தில் காற்று எழுப்பும் அலை வேறாகவும், தொலைவிலிருந்து வரும் பெருநீள அலை வேறாகவும், அதன் இடைவெளி விநாடிக் கணக்கிலும் குறிக்கப்பட வேண்டும். அலை உயரம் 2 மீட்டர் என்று முன்னறிவிப்பில் இருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே என்பதையும், இடையிடையே ஏறத்தாழ அதன் இரு மடங்கு உயரத்தில் ஓர் அலை வரலாம் என்பதையும் வாரம் ஒருமுறையாவது அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும்போது நாளிதழ் எதற்கு என்பார்கள். மேற்சொன்ன மையம் காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றைச் சில நாட்களுக்கு முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. சிறு படகுகளுக்கெனத் தனி அறிவுரைச் சேவையும் நடத்துகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போன கொடுமைக்குப் பிறகு, 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் ஜெமினி கருவியும் வந்தது. இவை எல்லாம் பெரிய சாதனைகள். ஆனால் நிறம் பூசிய வரைபடத்தைத் திறந்து, தன் ஊர் எது என்று தேடிப் படிப்பதற்கு எல்லோருக்கும் பழக்கமில்லை. டீக்கடையில் கிடக்கும் நாளிதழைப் படிக்க எல்லோருக்கும் பழக்கமுண்டு. 1990-களின் இறுதியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர்களின் மொழியிலேயே பேசுகிறது. கருவி எதுவானாலும், ஊருக்குப் பழகிய வழியில் போன செய்திதான் ஊருக்குள் தங்கியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. நாளிதழ் கரைக்கு வந்து சேர்வதற்குள் நாட்டுப்படகுகள் பல கிளம்பியிருக்கும். அதனால்தான் அன்றைய நிலவரத்தோடு அடுத்த இரண்டு நாள் முன்னறிவிப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்கிறேன். ஓத நேரங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவற்றை மாதத் தொடக்கத்தில் முழு மாதத்துக்கும் ஒரே அட்டவணையாகவும் போடலாம், அதை வெட்டி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். காற்றின் நிலவரம் மட்டும் மாறக்கூடியது என்பதால், அச்சிட்ட முன்னறிவிப்பை நம்பி எச்சரிக்கையை மீறக் கூடாது என்றும், மீன்வளத் துறை டோக்கன் (கடலுக்குச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) வழங்காத நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்றும் அக்கட்டத்தின் கீழேயே ஒரு வரி இருக்கட்டும்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிகிறது. இரண்டு மாத வருமான இழப்புக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பத் துடிக்கும் அந்த வாரத்தில்தான் கச்சானும் முழுவேகம் எடுக்கிறது. ஆகவே தடைக்காலம் முடியும் முன்பே இதைத் தொடங்கினால் நல்லது. முதலில் சென்னை, நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி, குளச்சல் ஆகிய ஐந்து இடங்களுக்குப் போட்டாலும் போதும். பாம்பனுக்கு மட்டும் வடகடல், தென்கடல் என இரண்டு வரிகள் வேண்டும். அங்கே ஒரு வரி போட்டால் பாதி ஊருக்குத் தவறான தகவலாகிவிடும். காற்றின் வேகத்தைக் கிலோமீட்டரிலும், கடலோடிகள் பயன்படுத்தும் ‘நாட்’ (knot) அலகிலும் தருவதோடு, ‘தென்மேற்கு’ என்பதன் பக்கத்தில் ‘கச்சான்’ என்றும் ‘வடகிழக்கு’ என்பதன் பக்கத்தில் ‘வாடை’ என்றும் சேர்த்து எழுதுங்கள். எழுத்து, வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு உரிமையாளர் ஒருவர்,
பாம்பன்.