தோட்டம் இருந்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்துறை அருகே நெடுஞ்சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் நாய், மீட்கப்பட்டுச் சிகிச்சை முடிந்து, இப்போது ஈரோட்டில் எங்கள் வீட்டில் தற்காலிகமாக வளர்ந்து வருகிறது. அதற்கு நிரந்தரமான வீடு தேடும் இந்நாள்களில் எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "எங்களுக்குப் பத்து ஏக்கர் தோட்டம் இருக்கிறது, கொண்டுவந்து விட்டுவிடுங்கள், ஓடியாடிக்கொண்டு கிடக்கட்டும்." நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்த அழைப்பை நாங்கள் ஏன் உடனே ஏற்பதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக விளக்க விரும்புகிறேன். இதே தேடலில் இருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

செவலை நிறம், நீண்ட கால்கள், ஒடுங்கிய இடுப்பு ஆகியவற்றைப் பார்த்தால், வேட்டைநாய் இனமான சிப்பிப்பாறையின் கலப்பு என்று தோன்றுகிறது. வயது ஒன்றரை இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் கூறினார். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டு, கருத்தடை அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. கால் முறிவு முழுமையாக ஆறிய நாளிலிருந்து அதன் வேகத்துக்கு ஈடுகொடுப்பதே எங்கள் வீட்டின் முதல் வேலையாகிவிட்டது. மனிதர்களிடம் அளவற்ற பாசம் உண்டு. கடித்ததில்லை, உறுமியதுகூட இல்லை. ஆனால், வீட்டுக்கு வருபவர் மேல் மகிழ்ச்சியில் தாவி ஏறும். சிறு குழந்தை எதிரே நின்றால் விழுந்துவிடும். காலையில் ஓட்டம் தவறிய நாளில் செருப்பு, மிதியடி, மின்கம்பி என்று எது கிடைத்தாலும் கடித்துக் குதறும். செடித்தொட்டியைத் தோண்டிக் கவிழ்க்கும். விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் நன்றாக ஓடவிட்டு, இடையில் உணவை மூலைக்கு மூலை ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடவிட்டால், அதே நாய் பகல் முழுவதும் சாதுவாகப் படுத்துறங்குகிறது. முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட ஒரு வகையின் இரத்தம் அதில் ஓடுகிறது. ஏருக்கும் வண்டிக்கும் பழக்காத காங்கேயம் காளை துள்ளினால் அதைக் குற்றம் சொல்லாத நாம், இந்த நாயை மட்டும் அடங்காதது என்று சொல்வது நியாயமாகாது.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். நம் பகுதித் தோட்டத்து வீடுகளான சாளைகளில் நாய் பெரும்பாலும் காவலுக்காகவே வளர்க்கப்படுகிறது. பகலில் கட்டுத்தறி ஓரமாகவோ வேப்பமரத்தடியிலோ சங்கிலியில் கிடக்கும், இரவில் அவிழ்த்துவிடப்படும். நிலம் எத்தனை ஏக்கர் இருந்தாலும், சங்கிலியின் நீளம்தான் பகலில் அதன் உலகம். உரிமையாளர் நகரத்தில் குடியிருந்து, வாரம் ஒரு முறை வந்துபோகும் தோட்டங்களில், வேளைக்குச் சோறு வைக்கும் ஆளைத் தவிர அந்த நாய்க்கு மனிதத் துணையே இல்லை. துடிப்புள்ள நாய்க்குத் தேவைப்படுவது ஒரு மனிதர் தன்னோடு செலவிடும் நேரம். அந்த நேரம் கிடைக்காவிட்டால், பரந்த நிலம் அதன் வேகத்தை ஆபத்தாக மாற்றிவிடுகிறது.

எத்தகைய ஆபத்து என்பதைக் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதி விவசாயிகளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாக வந்து கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் வீதிக்கு வந்து போராடியதும் நாம் அனைவரும் அறிந்தவை. அவர்களுடைய இழப்பு உண்மையானது; நாய்கள்மேல் அன்புள்ளவர்கள் அதைச் சிறிதாக்கிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றியுள்ள கிளுவை முள்வேலி ஆட்டைத் தடுக்கும். ஓடுவதற்கென்றே பிறந்த நாயை அது தடுப்பது அரிது. ஓடும் எதையும் துரத்தும் இயல்புடைய நாயை, பயிற்சியும் கண்காணிப்பும் இன்றி, ஆடு மேயும் காடுகளுக்கு நடுவே அவிழ்த்துவிட்டால், பக்கத்துத் தோட்டத்தாருக்கும் கேடு, நாயின் உயிருக்கும் கேடு. எனவே, பட்டி வைத்திருப்பவர்கள் கேட்டபோது மறுத்தோம். அதில் அவர்களுக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால் இக்கடிதம் அதைப் போக்கும் என நம்புகிறேன்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிட்டுவிடுவதும் அதே பிரிவில் அடங்கும்.

அப்படியானால் எங்களுக்கு வேண்டியது எத்தகைய வீடு? சுற்றுச்சுவரோ கம்பிவேலியோ உள்ள இடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், நாள்தோறும் இரு வேளையும் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லக்கூடிய, ஓட்டப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர் இருக்கும் சிறிய வீடே போதும். அடுக்ககத்தில் இருப்பவர்களும் தயங்க வேண்டாம். பெரும்பான்மை வாக்கெடுப்பின் மூலம்கூடக் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்களுக்குத் தடைவிதிக்க முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. நடை பழகும் வயதுக் குழந்தை உள்ள வீடு இப்போதைக்கு வேண்டாம். முதல் சில வாரங்கள் நாய் மிரளும், உணவை மறுக்கும், அல்லது வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும். புது இடம் முழுமையாகப் பழகச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை பொறுத்திருக்க மனமுள்ளவராக இருக்க வேண்டும். எக்காரணத்தாலேனும் வளர்க்க இயலாமல் போனால், வேறெவரிடமும் தள்ளிவிடாமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் தளர்த்த முடியாத நிபந்தனை.

"பொட்டை நாயா, வேண்டாம், கடுவன் இருந்தால் சொல்லுங்கள்" என்று வைத்துவிடும் அழைப்புகள் மனத்தை மிகவும் வருத்துகின்றன. குட்டி போடும் என்ற அச்சம்தான் காரணமென்றால், கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இந்தத் தயக்கத்தால்தான் பெண் குட்டிகள் சாலையோரங்களில் வீசப்படுகின்றன. பிழைத்தவை தெருவிலேயே குட்டி போட, பட்டிக்குள் புகும் கூட்டம் பெருகுகிறது.

உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியுள்ளது. கொங்கு மாவட்டங்களின் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களை நடத்தும்போதே, அதே இடத்தில் தத்துக்கான விண்ணப்பங்களையும் பெற்றுப் பதிவேடு ஒன்றைப் பராமரித்தால், எங்களைப் போல் தனித்தனியாகத் தேடி அலைபவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

இந்நாயை வளர்க்க விரும்பும் வாசகர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அம்மடல்களை எங்களுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விரும்புவோர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து, காலை ஓட்டத்தில் அதனுடன் கலந்துகொண்டு, அதன் வேகத்தை நேரில் பார்த்த பிறகே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈரோடு.