1729-ஐக் காட்டிக்கொடுத்த 1065

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள சேகருக்கு,

நலம். கடலூரில் மழை விட்டதா? இங்கே இன்று காலைதான் ஓய்ந்தது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மில்லர்–ராபின் பகா எண் சோதனையைப் பற்றி உன் மாணவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பது உறுதியான விஷயம், அதில் நிகழ்தகவு எங்கிருந்து வந்தது என்கிறான். எண்ணில் எந்த ஐயமும் இல்லை என்று அவனிடம் சொல். குலுக்கல் நம் பக்கம்தான்: எந்த அடி எண்ணை (அடுக்கேற்றிப் பார்க்கும் எண்ணை) வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்.

வகுப்பில் 1729-ஐ எடுத்துக்கொள். ராமானுஜன் எண் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 7 × 13 × 19 என்று உடனே பிரித்தும் விடுவார்கள். அது பகா எண்ணாக இருந்தால், ஃபெர்மா தேற்றப்படி, அதனால் வகுபடாத எந்த எண்ணின் 1728-ஆம் அடுக்கையும் 1729-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பகு எண்ணான 1729-க்கும் அப்படியே வருகிறது, 7, 13, 19 மூன்றாலும் வகுபடாத எந்த அடி எண்ணை வைத்தாலும்! இவைதான் கார்மைக்கேல் எண்கள். காரணிகளும் பெரிதாக உள்ள கார்மைக்கேல் எண்ணை ஃபெர்மா சோதனை பிடிப்பது குதிரைக்கொம்பு.

மில்லர்–ராபின் சோதனை கடைசி மீதியோடு நிற்காமல், வந்த வழியையும் பார்க்கிறது. 1728-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 64 × 27. அடி எண்ணாக 2-ஐ எடுத்தால், அதன் 27-ஆம் அடுக்குக்கு மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் மீதி 1065. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1. குட்டு உடைவது இங்கேதான். பகா எண்ணால் வகுக்கும்போது, வர்க்கம் 1 ஆகும் மீதிகள் இரண்டே: 1, அல்லது அந்த எண்ணுக்கு ஒன்று குறைவானது. 1065 இரண்டும் இல்லை. ஆகவே 1729 பகு எண். 1065-இல் ஒன்று குறைத்த 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 133; 133 × 13 = 1729. காரணியே கைக்கு வந்துவிட்டது. (பெரிய எண்களில் இப்படிக் கிடைப்பது அரிது. ‘பகு எண்’ என்ற தீர்ப்பு மட்டும்தான் வரும்.)

முதல் மீதியே 1 என்றாலோ, முதல் மீதியிலோ வர்க்கப்படுத்தும் வழியிலோ ‘ஒன்று குறைவானது’ வந்தாலோ, அந்தச் சுற்றில் தேர்ச்சி (ஓர் அடி எண்ணுக்கு ஒரு சுற்று). இதிலும் பொய்ச்சாட்சிகள், அதாவது பகு எண்ணையும் தேறவிடும் அடி எண்கள், உண்டு. 2047 = 23 × 89; ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கு 2048 என்பதால், 2046-இன் பாதியான 1023-ஆம் அடுக்குக்கும் மீதி 1 வந்து தேறிவிடுகிறது. அடி எண்ணை 3 என்று மாற்று, மீதி 1565, பிடிபட்டுவிடும். எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் (9-க்கு மேல்) பொய்ச்சாட்சிகள் நாலில் ஒரு பங்கைத் தாண்டாது. 1980-இல் ராபின் வெளியிட்ட கட்டுரையின் உயிர்நாடி அதுதான். தனித்தனியாகக் குலுக்கி 20 சுற்று போனால், பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

‘தனித்தனியாகக் குலுக்கி’ என்பதைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பண்ருட்டியில் முந்திரி மூட்டை வாங்குகிறவர் எந்த இடத்தில் கைவிடுவார் என்று விற்பவருக்கு முன்பே தெரிந்தால், நல்ல பருப்பை அங்கே வைத்துக் கட்டிவிடலாம் அல்லவா? 2, 3, 5, 7 என்று அடி எண்களை நிலையாக வைப்பதும் அப்படியே. 307-க்குக் கீழுள்ள பகா எண் அடிகள் எல்லாவற்றையும் ஏமாற்றும் 397 இலக்கப் பகு எண்ணை 1995-இல் ஆர்னோ கட்டிக்காட்டினார். பிறர் தரும் எண் என்றால் அடி எண்ணை நீயே அப்போதே குலுக்கி எடு. குலுக்கலின் விதையும் (கணினி குலுக்கலைத் தொடங்கும் எண்) நிலையாக இருக்கக் கூடாது. 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை: 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களே போதும், தவறே வராது என்று சரிபார்த்திருக்கிறார்கள்.

உன் மாணவனின் நிரல் பெரிய பகா எண்களையும் ‘பகு’ என்கிறது என்றாயே, பெருக்கும் வரியைப் பார். 64 பிட் எண்கள் இரண்டின் பெருக்கற்பலனுக்கு 128 பிட் இடம் வேண்டும். இல்லாவிட்டால் மேல்பகுதி வெட்டுப்பட்டு மீதி தப்பாகிவிடும்.

பெரிய பகா எண்ணைத் தேடும்போது இன்னொன்று: 1024 பிட் அளவில் ஒற்றைப்படை எண்களில் ஏறத்தாழ 355-க்கு ஒன்றுதான் பகா எண். 1000-க்குக் கீழுள்ள பகா எண்களால் முதலில் வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 84 கழிந்து, ஒரு பகா எண்ணுக்குச் சராசரியாக 58 எண்களே சோதனைக்கு மிஞ்சும். நேரம் மிச்சமாவது இங்கேதான்.

2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் குலுக்கலே இல்லாமல் பல்லுறுப்புக் கோவை நேரத்தில் (இலக்க எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்கைத் தாண்டாத நேரத்தில்) முடிக்கும் முறையைக் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் நடைமுறையில் வேகம் மில்லர்–ராபினிடம்தான்.

561-ஐயும் அவனையே 2-ஆல் சோதிக்கச் சொல். 263-இல் தொடங்கி 166, 67, 1 என்று வர வேண்டும். வந்ததா என்று எழுது.

அன்புடன்,
ரவி