வெள்ளிக்கிழமை பிற்பகல் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வக்கீல் தொழிலிலிருந்து நாடாளுமன்றம் போனவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மந்திரி ஆனவர்கள், கட்சித் தலைவர் ஆனவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆனந்த் நாராயண் முல்லா மட்டும் இல்லை. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் முப்பத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது பெரிய மனக்குறை.

முல்லா லக்னோக்காரர், 1901-ல் பிறந்தவர். அப்பாவும் வக்கீல்தான். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் 1954 முதல் 1961 வரை நீதிபதியாக இருந்தார். உருதுக் கவிதைக்காகச் சாகித்ய அகாதமி விருதும் வாங்கியவர். போலீஸைப் பற்றி ஒரு தீர்ப்பில் அவர் எழுதிய கடுமையான வரிகளைப் பின்னால் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1967-ல் லக்னோவில் சுயேச்சையாக நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார். பின்னாளில் மாநிலங்களவையிலும் ஆறு வருஷம் இருந்தார்.

அவர் மக்களவையில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கீழ்க்கோர்ட் விடுதலை செய்த ஒருவரை, அரசின் அப்பீலில் உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று மாற்றித் தீர்ப்புச் சொன்னால் அவர் எங்கே போவார்? தூக்குத் தண்டனை என்றால் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போவது அவர் உரிமை என்று அரசியலமைப்பின் 134-வது பிரிவு சொன்னது. ஆயுள் தண்டனைக்கு அந்த உரிமை இல்லை. அப்பீலுக்குத் தகுந்த வழக்கு என்று உயர் நீதிமன்றமே சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு. அது ஒரே வரியில் தள்ளுபடி ஆகலாம். நாடாளுமன்றம் நினைத்தால் இந்த உரிமையை விரிவாக்கலாம் என்று அதே பிரிவில் இடம் இருந்தது. முல்லா அதைப் பிடித்துக்கொண்டார். 1968-ல் தனிநபர் மசோதா, அதாவது மந்திரி அல்லாத எம்.பி. கொடுக்கும் மசோதா, கொண்டுவந்தார், 1970-ல் அது சட்டமானது. ஆயுளோ, பத்து வருஷத்துக்குக் குறையாத சிறையோ விதிக்கப்பட்டால் நேரே அப்பீல் போகலாம் என்றானது. ஏழு வருஷம் உயர் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்தவர், அந்த பெஞ்சும் தவறலாம் என்று எண்ணிச் சட்டம் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நெகிழ்கிறது.

அதன் அருமையை நான் நேரில் பார்த்தேன். தொண்ணூறுகளில் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், ஒன்றரைக் காணிக்காரர், வரப்புத் தகராறில் நடந்த ஒரு சாவுக்காகக் கூண்டில் நின்றார். செஷன்ஸில் விடுதலை. நாலு வருஷம் கழித்து அப்பீலில் அந்த விடுதலை ரத்தாகி ஆயுள் விழுந்தது. அவர் கேப்பர் மலை ஜெயிலுக்குப் போன மறுநாள் காலையில் அவர் மனைவி எங்கள் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “டெல்லி கோர்ட்டு மனசு வச்சு எடுத்துக்கிட்டாத்தான் உண்டாமே ஐயா?” என்று கேட்டார். எங்கள் சீனியர் குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகத்தில் 379-வது பிரிவை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டார். “இதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம்மா. எடுத்துத்தான் ஆகணும்” என்றார். படிக்கத் தெரியாத அந்த அம்மா, கோடு போட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தமிழிலிருந்த சாட்சியத்தை எல்லாம் இங்கிலீஷில் டைப் அடிக்க எனக்குப் பதினோரு ராத்திரி ஆனது. கடைசியில் கொலைக்கான 302 என்பது, கொலை ஆகாத மரணத்துக்கான 304 ஆக இறங்கியது. ஆறாவது வருஷம் மனிதர் வீட்டுக்கு வந்தார்.

முல்லாவின் சட்டத்தில் இருந்த அந்த உரிமைதான் 379-வது பிரிவிலும் இடம்பெற்றது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 420-வது பிரிவு. ஜெயில் சீர்திருத்தத்துக்காக 1980-ல் அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று அந்தக் குழு சொன்னது.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. முல்லாவுடையதுதான் கடைசி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இந்த மசோதாக்களுக்கும் தனிநபர் தீர்மானங்களுக்கும் என்றே இரண்டரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் பல எம்.பி.க்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சட்டம் படித்தவர்களாவது உட்கார வேண்டாமா?

ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் முடியும்போதெல்லாம் கடலூர், புதுச்சேரி எம்.பி.க்கள் என்ன மசோதா கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை என்ன பேசினார்கள் என்று அரைப்பக்கம் போடுங்கள். அப்புறம், முல்லாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் வேண்டும். சீனியர் பென்சில் கோடு போட்ட அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கட்டுரையோடு போட, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மஞ்சக்குப்பம், கடலூர்.