வளைந்த அலாய் சக்கரத்துக்கு அளவுச் சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்குப் பிந்தைய சாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பள்ளத்தில் இறங்கிய கார்களின் கதையைச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கார்கள் அடுத்து எங்கே போகின்றன, அங்கே சக்கரங்களுக்கு என்ன செய்கிறார்கள் என்பதும் பேசப்பட வேண்டிய விஷயம். கோவையில் அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடைக்கும் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கும் தோண்டி மூடிய சாலைகள் மழைக்காலத்தில் மண் இறங்கிப் பள்ளமாகின்றன. தண்ணீர் தேங்கிவிட்டால் அது நான்கு அங்குலமா, ஓர் அடியா என்று ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சக்கரத்தைக் கெடுப்பது பள்ளத்தின் ஆழத்தைவிட, ஏறி வெளியே வரும்போது எதிரே நிற்கும் தார் விளிம்புதான். அந்த விளிம்பில் டயர் நசுங்கி, ரிம்மின் உதடு, அதாவது டயர் உட்காரும் ஓர விளிம்பு, நேராகச் சாலையில் இடிக்கிறது. பக்கச்சுவர் உயரமான டயராக இருந்தால் இந்த இடியில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரே காரின் கீழ்நிலை மாடல் 165/80 ஆர்14 டயரோடு இரும்பு ரிம்மிலும், மேல்நிலை மாடல் 185/65 ஆர்15 டயரோடு அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மிலும் வருவதை நாம் பார்க்கிறோம். இதில் முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில்; அடுத்த எண், பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. முதல் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், இரண்டாவதன் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். அழகுக்காக 205/45 ஆர்17 மாட்டிக்கொள்பவருக்கு மிஞ்சுவது 92 மில்லிமீட்டர்தான். கார் வாங்கும்போது ஷோரூமில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

அலாய் சக்கரம் பெரும்பாலும் வளைவது உள்பக்க உதட்டில். ஆரங்கள் வெளிமுகத்தை ஒட்டி இருப்பதால் அந்தப் பக்கம் தாங்கிக்கொள்கிறது. வண்டியின் உட்புறம் பார்த்த விளிம்புக்கு அப்படி ஓர் ஆதரவு இல்லை. ஆகவே வெளியில் நின்று பார்த்தால் சக்கரம் புதிது போலவே இருக்கும். மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்குவதும், வாரம் ஒருமுறை அதே டயரில் காற்றுக் குறைவதும்தான் அறிகுறிகள். வண்டிக்காரர் வீல் பேலன்சிங் கடைக்குப் போகிறார். அங்கே ஈயக்கட்டிகளை ஒட்டி எடையைச் சமன் செய்துவிடுகிறார்கள்; நடுக்கம் சற்றுக் குறைகிறது. ஆனால் எடை சமனாக இருப்பது வேறு, வட்டம் வட்டமாக இருப்பது வேறு. வட்டம் கோணியிருப்பதை டயல் கேஜ் என்ற, முள் வைத்து அளக்கும் கருவியால்தான் சரியாக அறிய முடியும். டயரைக் கழற்றி, சக்கரத்தைச் சுழலவிட்டு, உள் உதட்டில் முள்ளை வைத்தால் ஓட்டம், அதாவது சுற்றும்போது விளிம்பு விலகி ஆடும் அளவு, எவ்வளவு என்று தெரிந்துவிடும். கார் நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கும் ஓட்டம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கிறது. பேலன்சிங் இயந்திரம் இருக்கிற கடைகளில் பலவற்றில் இந்தச் சிறு கருவி கிடையாது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்து, “பெண்ட் எடுத்துத் தருகிறோம்” என்று பலகை வைத்திருக்கும் பட்டறை. சில இடங்களில் ஹைட்ராலிக் அழுத்தத்தில் பொறுமையாக, முள்ளைப் பார்த்துப் பார்த்து நிமிர்த்துகிறார்கள். சில இடங்களில் கேஸ் டார்ச்சைப் பிடித்துச் சூடேற்றி, மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார்கள். இரும்பு ரிம்மில் பழகிய கை அது. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் உருகும் கட்டத்தை நெருங்கும் வரை நிறம் மாறாது. பார்வையை மட்டும் நம்பி டார்ச் பிடிப்பவருக்கு அது எந்த எச்சரிக்கையும் கொடுப்பதில்லை.

இதில் உள்ள அபாயத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சக்கரம் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். கார்களில் பரவலாக வரும் வார்ப்பு அலாய் சக்கரம் அலுமினியத்தோடு ஏறத்தாழ ஏழு சதவீதம் சிலிக்கனும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த கலவை. வார்த்த பின் அதை 540 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்துச் சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி 150 முதல் 170 டிகிரி வரையிலான சூட்டில் சில மணி நேரம் ஊறவிடுவார்கள். அந்த இரண்டாவது சூட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உலோகத்துக்குள் படிந்து, சக்கரத்துக்கு வலு தருகின்றன. பட்டறை டார்ச் ஓர் இடத்தை முன்னூறு, நானூறு டிகிரிக்குக் கொண்டுபோய்விட்டால் அத்துகள்கள் பருத்து, அந்த இடம் மட்டும் மென்மையாகிவிடுகிறது. நிமிர்த்திய சக்கரம் அடுத்த பள்ளத்தில் அதே இடத்தில் முன்னைவிட எளிதாக வளைவதற்கு இதுவே காரணம். சூடே காட்டாமல் தட்டினாலும் ஆபத்து. வார்ப்பு அலுமினியம் தகட்டு இரும்பைப் போல நீண்டு கொடுக்காமல் விரிசல் விட்டு வெடிக்கும்.

வெடிப்புத்தான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் குடியிருப்பில் ஒருவரின் காரில், நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, பளபளப்பாகத் திரும்பி வந்த சக்கரம் ஒன்றில் காற்று நிற்கவில்லை. பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தோம். சிறிது நேரத்தில் உள் உதட்டிலிருந்து பீப்பாயை (சக்கரத்தின் உருளைப் பகுதியை) நோக்கி இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மேலே எழுந்து வந்தது. பல வார்ப்படத் தொழிற்சாலைகளில் உள்ள, விலை குறைந்த, சில ஸ்ப்ரே டப்பாக்களில் அடங்கிவிடும் சோதனை இது. பட்டறையில் இதைச் செய்திருந்தால் அந்தச் சக்கரம் பெயின்ட் வரைக்கும் போயிருக்காது.

வெடிப்பு கண்டால் ஆர்கான் வெல்டிங் வைத்து, லேத்தில் கடைசல் பிடித்துத் தருவதும் நடக்கிறது. உதட்டு விளிம்பில் உள்ள சிறு வெடிப்பைத் தேர்ந்த வெல்டர் அடைத்துவிடுவார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெல்டிங்கைச் சுற்றியுள்ள பகுதி, வார்த்த பின் உலையில் பெற்ற வெப்பப் பதத்தை இழந்துவிடுகிறது. சக்கரம் முழுவதையும் திரும்ப உலையில் ஏற்றும் வசதி எந்தத் தெருப் பட்டறையிலும் இல்லை. ஆரத்திலோ, அச்சில் பொருந்தும் நடுக்குடத்திலோ, போல்ட் துளைகளைச் சுற்றியோ வெடிப்பு இருந்தால் அதைப் பற்றவைக்கவே கூடாது. பல கார் நிறுவனங்கள் அலாய் சக்கரத்தைச் சூடாக்கி வளைப்பதையும் பற்றவைப்பதையும் அடியோடு ஏற்பதில்லை. என் கருத்து அவ்வளவு கறாரானதன்று. உள் உதட்டில் மட்டும், வெடிப்பின்றி, சில மில்லிமீட்டர் வளைவு இருந்தால், சூட்டை அளக்கும் கருவியோடு நிதானமாக அழுத்தி நிமிர்த்துவது ஏற்கத்தக்கதே. அதற்கு மேல் என்றால் சக்கரத்தை மாற்றுவதுதான் முறை. பணம் இல்லையென்றால் கார் நிறுவனம் அதே மாடலுக்கு அனுமதித்துள்ள அளவில் இரும்பு ரிம் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மக்கள் ஏன் பட்டறையையே நாடுகிறார்கள் என்பதற்குக் காப்பீட்டுக் கணக்கும் ஒரு காரணம். சாதாரண பாலிசியில் 1500 சிசி வரையிலான காருக்கு முதல் ஆயிரம் ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு முதல் இரண்டாயிரமும் உரிமையாளர் பொறுப்பு. சக்கரம் உலோகப் பாகம் என்பதால் நான்கைந்து வயதான காருக்கு 35 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். டயருக்கு ஐம்பது சதவீதம் கழியும். இத்தனைக்கும் மேல், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். ஒற்றைச் சக்கரத்துக்காக இதையெல்லாம் இழப்பதைவிட, சில ஆயிரம் கொடுத்துப் பெண்ட் எடுப்பது லாபம் என்று யாருக்கும் தோன்றும்.

புதிய கார்ச் சக்கரங்களுக்கு நம் நாட்டில் ஐஎஸ் 9436 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. சக்கரத்தை வளைத்தும் சுமையேற்றியும் லட்சக்கணக்கான சுற்றுகள் சுழற்றி, திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் களைத்து வெடிக்கிறதா என்று சோதித்த பிறகே வடிவமைப்பு தேறுகிறது. அதே சக்கரம் ஒருமுறை பள்ளத்தில் விழுந்து, சூடுபட்டு, அடிபட்டு வந்த பின் அதை யார் சோதித்தார் என்று கேட்க ஆள் இல்லை. நிமிர்த்துவதற்கு முன் ஓட்டம் எவ்வளவு, பின் எவ்வளவு, சாயச் சோதனையில் வெடிப்பு உண்டா இல்லையா, வெல்டிங் வைத்தார்களா, வைத்தால் எந்த இடத்தில் என்ற நான்கு விவரங்களை ரசீதிலேயே எழுதித் தருமாறு இப்பட்டறைகளைக் கட்டாயப்படுத்துவது போக்குவரத்துத் துறைக்குப் பெரிய காரியமன்று. பெயின்ட் அடிப்பதற்கு முன் சக்கரத்தை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கலாம். அந்த விதி வரும் வரை, காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்கள் “மாற்றத் தேவையில்லை, பழுதுபார்த்தால் போதும்” என்று எழுதும்போதாவது இந்த அளவுகளைப் பட்டறையிடம் வாங்கிக் கோப்பில் இணைக்கத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.