படகுக்குக் கொப்புளிப்பான்

ரொறன்ரோ
ஜூன் 14

மச்சான்,

நீ கோபத்தில் இருப்பாய். இருக்கத்தான் வேண்டும். உன் ஐயாவின் எட்டுச் சடங்குக்குப் பிறகு ஒருதரம் எடுத்துக் கதைத்தேன், அவ்வளவுதான். ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது என்று அக்கா சொல்லித்தான் தெரியும். சாக்குச் சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம் என்றால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன். போனமுறை நான் அணில் மாதிரிக் கத்தினேன் என்று குட்டியனுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாய். ஆகவே கடிதம். இதை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் படிப்பு முடித்துவிட்டாள். சின்னவன் கோபம் வந்தால் மட்டும் தமிழ் கதைக்கிறான். எனக்குச் சீனி கொஞ்சம் கூட. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படகுக்குக் கொப்புளிப்பான்.

சிரிக்காதே. நீ வாங்காதே என்று சொன்ன அதே படகுதான். 27 அடிப் பைபர் படகு, 1976-இல் இங்கே ஒன்ராறியோவிலேயே கட்டினது. போன ஒக்டோபரில் குளிருக்கு முன் கிரேனால் தூக்கிக் கரையில் வைத்து, அடியில் இருந்த பாசியைக் கழுவினபோது கண்டேன். நீர்க்கோட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொப்புளம். சிலது மிளகளவு, சிலது இரண்டு ரூபாய்க் குற்றியளவு. ஈரம் காய்ந்தால் பாதி அமுங்கி ஒளிந்துகொள்ளும் என்று முதலே கேள்விப்பட்டிருந்ததால், கழுவின கையோடு ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு எண்ணினேன். 112. மனைவி வந்து பார்த்துவிட்டு, "அணியத்தில் வேப்பிலை கட்டுங்கோ, இறங்கினதும் தண்ணி வார்ப்பம்" என்றாள்.

உங்களுடைய வள்ளங்களுக்கு ஏன் இது வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் தொழில் முடிந்ததும் கரைக்கு இழுத்து வெயிலில் போட்டுவிடுகிறீர்கள். என்னுடையது மே தொடக்கம் ஒக்டோபர் வரை தண்ணீரிலேயே கிடக்கிறது. அதுவும் நல்ல தண்ணீர். உப்பில்லாத ஏரிதானே, படகுக்கு நல்லது என்றுதான் நானும் இருந்தேன். அதுதான் மோசமாம். ஜெல்கோட் என்பது மேலே இருக்கிற அரை மில்லிமீற்றர் தோல். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வருடக்கணக்கில் தண்ணீர் மெல்ல மெல்ல அதற்குள்ளால் போய்விடும். உள்ளே பைபரைப் பிடித்து வைக்கிற அந்தக் காலத்துப் பொலியஸ்டர் றெசின் பசையில் சரியாக இறுகாமல் நின்ற சரக்கெல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்து தடிப்பாகிறது. தடிப்பானது வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் போட்டால் ஊதுமே, அதே கணக்கு. கடல்நீரில் உப்பு இருப்பதால் இழுவை கொஞ்சம் குறைவு, ஏரித்தண்ணீரில் கூட.

பெரியப்பு இதைக் கேட்டால் என்ன சொல்லுவார்? மரம் தண்ணீர் குடித்தால் பருத்துப் பலகைகள் நெருங்கும், பலகை இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடித்த இடம் இன்னும் இறுகும். பைபர் தண்ணீர் குடித்தால் கொப்புளிக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணிக் கப்பலை 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாயிலேயே கொண்டுபோன ஊர்க்காரன் நான். என்னுடைய கப்பல் எட்டு மாதமாக நாலு கட்டைக்கு மேல் குந்திக்கொண்டு இருக்கிறது. எழுதவே வெட்கம், ஆனால் நீ எப்படியும் சொல்லத்தான் போகிறாய், நானே சொல்லிவிடுகிறேன்.

படகுமுற்றத்தில் கேட்டேன். ஜெல்கோட் முழுவதையும் சீவி எடுத்துத் திரும்பக் கட்ட 15,000 டொலர் என்றார்கள். நான் படகை வாங்கினதே 4,000-க்கு. கொப்புளத்தால் படகு தாழ்வது அபூர்வம், பேசாமல் விடு என்றும் பக்கத்துப் படகுக்காரன் சொன்னான். விட முடியவில்லை. நானே இறங்கினேன்.

முதல் கொப்புளத்தைக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்தேன். போட்டது நல்லது. உள்ளே இருந்த அமுக்கத்தில் பீச்சிக்கொண்டு வந்து கன்னத்தில் பட்டது. பிசுபிசுப்பான தண்ணீர், வினாகிரி மணம். அதற்குப் பின்னால் இன்னொரு மணம், பச்சை றெசின் மணம். ஐம்பது வருடமாக உள்ளேயே கிடந்த மணம், மச்சான். உன்னுடைய வாடி, தகர ரின், ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து றெசின் இறுக ஹாடனர் விடுகிறது, நாங்கள் இரண்டு பேரும் பைபர்ப் பாயை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சுணை தாங்காமல் கடலுக்குள் ஓடினது, எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. கிரைண்டரை நிறுத்திவிட்டு ஏணியில் இருந்தேன். ஆட்டைத் திவசம் அந்த மாதம்தான் நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

சரி. 112-ஐயும் திறந்து, நல்ல பைபர் தெரியும்வரை சாய்வாகக் குடைந்து, சுடுதண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினேன். அந்தப் புளிப்பு உள்ளே நின்றால் மேலே எதைப் பூசினாலும் திரும்ப ஊதும். பிறகு காய வைக்கிற வேலை. குளிர்காலம் முழுக்கக் காயும் என்று நினைத்தது என்னுடைய விசர். உறைகுளிரில் எங்கே காய்கிறது? ஏப்பிரலில் சுற்றிவரத் தறப்பாள் கட்டி, உள்ளே ஹீற்றர் வைத்த பிறகுதான் அசைந்தது. பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒருநாள் விட்டால், உள்பக்கம் வியர்க்கிறதா என்று பார்த்து ஈரம் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நான் செய்த மடைவேலையைக் கேள். ஓட்டைகளை அடைக்கப் பொலியஸ்டர் கூடாது, எபொக்சி என்கிற வேறு றெசின் வேண்டும். சிலிக்காத் தூள் போட்டுப் பாணுக்குப் பூசுகிற பட்டர் பதத்தில் குழைக்க வேண்டும். என்னுடைய எபொக்சிக்கு ஐந்து பங்கு றெசினுக்கு ஒரு பங்கு ஹாடனர். அன்றைக்கு மே மாதத்தில் 9 பாகை குளிர். ஐயா வெயிலென்றால் துளி குறைப்பார், மழையென்றால் துளி கூட்டுவாரல்லவா, அந்தப் பழக்கத்தில் நானும் ஹாடனரைக் கூட்டி ஊற்றினேன். எபொக்சியில் அந்த விளையாட்டு இல்லை. அளவு அளவுதான், கூடினால் கூடினது உள்ளே சும்மா நிற்கும். மூன்று நாள் கழித்து விரலை வைத்தால் சுவிங்கம். 43 ஓட்டையையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஐயா பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அந்த மூக்குச் சத்தம் மட்டும் வந்திருக்கும்.

இப்போது எல்லாம் அடைத்து அரத்தாளால் உரஞ்சியாகிவிட்டது. இனி எபொக்சித் தடுப்புப் பூச்சு, ஐந்தாறு தரம். ஒருதரம் சாம்பல், ஒருதரம் வெள்ளை என்று மாற்றி அடித்தால் விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். பெயின்ற் ரின் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். அடிக்கத்தான் பயம்.

காரணம் ஒரே ஒரு இடம். படகின் அடி நடுவில் ஓடுகிற ஏராவுக்குப் பக்கத்தில், வலப்பக்கம், இரண்டு உள்ளங்கை அகலம். மற்ற இடமெல்லாம் பொலித்தீன் காய்ந்தே இருக்கிறது, அங்கே மட்டும் காலையில் வியர்த்திருக்கிறது. படகின் உள்ளே அடித்தட்டில் வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்ற இடம் அது. உள்பக்கத்தில் ஜெல்கோட்டும் இல்லை, மேலே இருந்து ஊறியிருக்க வேண்டும். ஈரத்துக்கு மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டின மாதிரி. பூசாமல் விட்டால் இந்தக் கோடையும் போய்விடும். எனக்கு 58. எத்தனை கோடை என்று எண்ணுகிற வயது வந்துவிட்டது.

காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் பைபர் பழகின மனுசனின் மகன் நீ. கையால் தட்டியே சொல்லுகிறவன். இன்னும் ஆறு கிழமை ஹீற்றர் போட்டுப் பார்க்கவா, அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் திரும்பப் பாய் போடவா?

படம் நாலு வைத்திருக்கிறேன். மூன்றாவதில் நீல வட்டத்துக்குள் பார். இரண்டு டொலர்க் குற்றியால் முதலில் நல்ல இடத்தில் ஐந்து தட்டு, பிறகு அந்த இடத்தில் ஐந்து தட்டு தட்டி, சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எனக்கு இரண்டாவது கொஞ்சம் பொத்தென்று கேட்கிறது, மனப்பிராந்தியோ தெரியாது. அதை மட்டும் சாதாரண வேகத்தில் கேள்.

அம்மாவுக்கு நான் எழுதினேன் என்று சொல்லு.

நெட்டையன்