கல்லீரல் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு பார்க்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
முந்திரி உடைக்கும் தொழிலாளி, பண்ருட்டி வட்டம்.
(பெயர், முகவரி, மருத்துவச் சீட்டு நகல்கள் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கடலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு 8 வயது. பித்தக்குழாய் அடைப்போடு பிறந்தவள். கைக்குழந்தையிலேயே, பித்தம் வடிய கல்லீரலோடு குடலை இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை ஆனது. மஞ்சள் காமாலை இறங்கியது, ஆனால் கல்லீரல் தழும்பேறி, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறிவிட்டது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளியே இருக்கும். ரத்த வாந்தி வரலாம் என்று எச்சரித்தார்கள். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்களுக்கு எண்டோஸ்கோபியில் வளையமும் போட்டாயிற்று. இந்த நோய் நுரையீரலையும் தொடும் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினாள். பக்கத்து மருத்துவமனையில் வீசிங் என்று சொல்லி, போகும்போதெல்லாம் நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். வீசிங் உள்ள பிள்ளை படுத்தால் திணறும், எழுந்து உட்கார்ந்தால் தேவலை. இவளுக்கு நேர்மாறு. வகுப்பில் உட்கார்ந்து எழுத முடியாமல் பெஞ்சிலேயே சாய்ந்துவிடுவாள். படுத்தால்தான் மூச்சு சீராகும். விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகம் நீலம் பாரித்திருந்தது.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார். படுத்திருக்கையில் 94 சதவீதம். எழுப்பி நிறுத்தினார், 87. குமிழி கலந்த உப்புநீரை ஊசியில் ஏற்றி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில், கல்லீரல் நோய் நுரையீரலைத் தொட்டது உறுதியானது. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் போதிய ஆக்சிஜன் ஏறாமலே கடந்துபோகிறதாம். மருந்துக்கு மசியாது, கல்லீரல் மாற்று செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆக்சிஜன் ரொம்ப இறங்கிவிட்டால் அந்த அறுவை சிகிச்சையே ஆபத்து என்றார்.

யார் மேலும் நடவடிக்கை கேட்டு நான் வரவில்லை. கல்லீரல் நோயோ மண்ணீரல் வீக்கமோ உள்ள குழந்தைகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிலும், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ஆக்சிஜன் பார்த்துச் சீட்டில் எழுத உத்தரவிட வேண்டுகிறேன். குறைந்தால் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். கொரோனாவில் ஊரெல்லாம் பார்த்த அதே கருவிதான், பெரிய செலவில்லை. சின்ன விரலுக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும்.

என் மகளின் கல்லீரல் மாற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்க வருமானச் சான்று வேண்டியிருக்கிறது. அது விரைந்து கிடைக்கவும் உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்

இடம்: கடலூர்
மக்கள் குறைதீர்க்கும் நாள், திங்கட்கிழமை